அடியைக் காட்டுங்க பாஸ்!



போன வாரம் ராத்திரி பதினோரு மணி. போனை ஓரமா வெச்சுட்டுத் தூங்கப் போற நேரம் பார்த்து 'டிங்'! அரூர் பக்கத்து கிராமத்துல இருந்து ஒரு தம்பி. தருமபுரியில டிகிரி மூணாவது வருஷம் படிக்கிறான். ஒரே ஒரு போட்டோ. அதுக்குக் கீழே ஒரே ஒரு வரி: 'அண்ணா, இது ஒரிஜினலா? காலையில 9 மணிக்குள்ள பணம் போடணும்.'

போட்டோவுல ஒரு யானை. பீங்கான் யானை. தும்பிக்கைதான் டீ ஊத்துற மூக்கு, வால்தான் கைப்பிடி, முதுகு மேல அம்பாரி மாதிரி ஒரு மூடி. பார்க்கச் செம க்யூட்! '1920-ம் வருஷத்து ஒரிஜினல் இங்கிலாந்து டீ ஜாடி. ஜமீன் வீட்டுப் பொருள். ஒரே ஒரு பீஸ்தான். விலை 4,500' என்று விற்கிறவர் எழுதியிருந்தார்.

"உனக்கு எதுக்குடா இந்த யானை?" என்று கேட்டேன்.

"பெங்களூருல இதையெல்லாம் சேர்க்கிற ஆளுங்க இருக்காங்கண்ணா. 12,000 வரைக்கும் போகுமாம். ஸ்காலர்ஷிப் பணம் வந்திருக்கு. ஒரு ரவுண்ட் வுட்டு எடுத்துடலாம்னு..."

எனக்குத் தூக்கம் போயிடுச்சு. ஏன்னா, அது யானை டீ ஜாடி இல்லை பாஸ். அவனோட செமஸ்டர் ஃபீஸ்!

இந்த மாதிரி விளையாட்டு மண்பாண்டம், பீங்கான் பொம்மை, வேடிக்கை ஜாடி எல்லாம் சேர்க்கிறது உலகம் பூரா இருக்கிற பைத்தியம்தான். இங்கிலாந்துல ஸ்டாஃபோர்ட்ஷயர் பக்கம் 18-ம் நூற்றாண்டுலேயே 'டோபி ஜக்'னு ஒண்ணு செஞ்சாங்க. முக்கோணத் தொப்பி போட்ட குண்டு மனுஷன் கையில மதுக் கோப்பையோட உட்கார்ந்திருப்பார். அவர் உருவமே ஜாடி! இன்னைக்கும் அதைத் தேடி அலையுற ஆட்கள் உண்டு. எங்கே ஆசை இருக்கோ அங்கே டூப்ளிகேட்டும் இருக்கும். அதுவும் ஆன்லைன்ல வாங்குறப்போ தொட முடியாது, தட்ட முடியாது, மோந்து பார்க்க முடியாது. நம்மகிட்ட இருக்கிறது நாலு போட்டோ மட்டும்தான்.

சரி, தம்பிகிட்ட நான் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "அடியைக் காட்டச் சொல்லு."

"அடியா?"

"ஆமா. ஜாடியைக் குப்புறக் கவுத்து, அடிப்பக்கத்தைத் தெளிவா ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லு."

பீங்கான் பொருளுக்கு ஜாதகம் அடியிலதான் இருக்கு. செஞ்ச கம்பெனி முத்திரை, நாட்டுப் பேர், சில சமயம் டிசைன் நம்பர் எல்லாம் அங்கேதான் குத்தியிருப்பாங்க. அமெரிக்கா 1890-ல ஒரு வரிச் சட்டம் போட்டது. வெளிநாட்டுலேர்ந்து வர்ற சரக்குல அந்த நாட்டுப் பேர் இருந்தே ஆகணும்னு சொல்லுச்சு. அது 1891-ல அமலுக்கு வந்ததும் பீங்கான் அடியில 'இங்கிலாந்து'ன்னு நாட்டுப் பேர் போடுறது வழக்கமாச்சு. 'மேட் இன் இங்கிலாந்து'ன்னு முழுசா எழுதினது பெரும்பாலும் 20-ம் நூற்றாண்டுச் சரக்கு. ஜப்பான் சாமானும் அப்படித்தான். 'நிப்பான்'னு இருந்தா 1921-க்கு முந்தி, அதுக்கப்புறம் 'ஜப்பான்'. இரண்டாம் உலகப்போர் முடிஞ்சு அமெரிக்கப் படை அங்கே உட்கார்ந்திருந்த காலத்துல 'ஆக்குபைட் ஜப்பான்'னு ஒரு முத்திரை வந்தது. அந்த ஆக்கிரமிப்பு 1952-ல முடிஞ்சதும் முத்திரையும் போச்சு. அந்த ரெண்டு வார்த்தைக்காகவே சேர்க்கிறவங்க இருக்காங்க. அதனாலயே அந்த ரெண்டு வார்த்தையைப் புதுசா அச்சடிக்கிறவங்களும் இருக்காங்க!

நம்ம யானைக்கு வருவோம். விற்கிறவர் அடியைக் காட்டவே மாட்டேன்னுட்டார். 'வீட்டுல அம்மா தூங்குறாங்க', 'உயரமான ஷெல்ஃபுல இருக்கு', 'ஏற்கெனவே ரெண்டு பேர் கேட்டிருக்காங்க, வேணும்னா வாங்கு, இல்லாட்டி வுடு'. தம்பி விடலை. நச்சரிச்சு நச்சரிச்சு ராத்திரி பன்னிரண்டேகாலுக்கு ஒரு மங்கலான போட்டோ வாங்கிட்டான். பெருசாக்கிப் பார்த்தோம். வட்டமா ஒரு முத்திரை. அதுக்குக் கீழே பொடி எழுத்துல... 'மைக்ரோவேவ் சேஃப்'!

1920-ல எந்த ஜமீன்தார் பாஸ் மைக்ரோவேவ்ல டீ சூடு பண்ணினார்? அந்த அடுப்பு வீட்டு சமையலறைக்குள்ள பரவலா நுழைய ஆரம்பிச்சதே 1960-களோட பின்பாதியிலதான்!

தம்பி சிரிச்சான். அப்புறம் ரொம்ப நேரம் எதுவும் டைப் பண்ணலை.

எழுத்தைப் படிங்க... எழுத்துதான் காட்டிக் கொடுக்கும்!

வெளிநாட்டுச் சரக்கை விடுங்க. நம்ம ஊர்ச் சாமான்லயே இந்த ஜோசியம் பார்க்கலாம். ஊறுகாய் ஜாடி, கடை விளம்பரம் போட்ட கூஜா, பேர் எழுதின பொம்மைன்னு 'சுதந்திரத்துக்கு முந்தினது' என்று சொல்லி நிறைய விற்கிறாங்க. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல போய்ப் பாருங்க. செட்டிநாட்டு வீடுகள்ல இருந்து வந்த பீங்கான் ஜாடி, எனாமல் பாத்திரம், மரச்சாமான்னு கடை கடையா அடுக்கியிருக்கும். அங்கே கையில எடுத்துப் பார்க்கலாம். ஆன்லைன்ல அது முடியாதே... அதனால எழுத்தைப் பாருங்க.

முத்திரையில ஆறு இலக்க பின்கோடு இருக்கா? அந்த முறை நம்ம நாட்டுக்கு வந்ததே 1972 ஆகஸ்ட் 15-ல. 'தமிழ்நாடு'ன்னு இருக்கா? மாநிலத்துக்கு அதிகாரபூர்வமா அந்தப் பேர் வந்தது 1969-ல. அதுக்கு முந்தி மெட்ராஸ் ஸ்டேட். 'சென்னை'ன்னு இங்கிலீஷ்ல எழுதியிருந்தா பெரும்பாலும் 1996-க்குப் பிறகு. விலையை 'நயா பைசா'வுல போட்டிருந்தா 1957-லேர்ந்து 1964 வரைக்குமான ஆளு. நம்ம ஊருக்கே ஒரு கணக்கு உண்டு: 'தருமபுரி மாவட்டம்'னு குத்தியிருந்தா அது 1965 அக்டோபர் 2-க்கு அப்புறம்தான். அதுக்கு முன்னால நாமெல்லாம் சேலம் ஜில்லா. அதே மாதிரி 'கிருஷ்ணகிரி மாவட்டம்' என்றால் 2004-க்குப் பிறகு. இது தெரியாம ஒருத்தர், 'வெள்ளைக்காரன் காலத்து தருமபுரி மாவட்ட ஜாடி'ன்னு எனக்கே விற்கப் பார்த்தார்!

இன்னொண்ணு இருக்கு. அதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. உங்க தாத்தா வீட்டுப் பரண்ல பழைய புத்தகம் இருந்தா எடுத்துப் பாருங்க. லை, ளை, னை, ணை எல்லாம் இப்போ நாம எழுதுற மாதிரி இருக்காது. முன்னால யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு சுழி வளைஞ்சு நிக்கும். றா, னா, ணா மூணும் காலை ஒட்ட வெச்சுச் சுழிச்சிருக்கும். 1978 அக்டோபர்ல எம்.ஜி.ஆர். அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்டப்பதான் இப்போதைய வடிவம் எல்லா இடத்துக்கும் வந்தது. ஆக, '1930-ல செஞ்ச ஜாடி'ங்கிறார், அதுல 'விலை'ன்னு இப்போதைய எழுத்துல பளிச்சுனு இருக்குன்னா கொஞ்சம் உஷாராகுங்க. ஆனா அதை வெச்சே தீர்ப்பும் சொல்லிடாதீங்க. பெரியார் 1935-லேயே தன்னோட பத்திரிகையில இந்தப் புது எழுத்தைப் புழங்க ஆரம்பிச்சுட்டார். அதே மாதிரி, 1978-க்கு அப்புறமும் பழக்கதோஷத்துல பழைய எழுத்தை எழுதினவங்க எக்கச்சக்கம். எங்க தாத்தா கடைசி வரைக்கும் தும்பிக்கை போட்டுத்தான் மளிகைக் கடைப் பாக்கி எழுதினார்.

எழுத்தே இல்லாத பொருளா? அப்போ தேய்மானத்தைப் பாருங்க. அம்பது அறுபது வருஷம் மேஜையிலயும் அலமாரியிலயும் நகர்த்தி நகர்த்தி வெச்ச ஜாடிக்கு, தரையில படுற அந்த விளிம்பு மட்டும் தேஞ்சு அழுக்கேறியிருக்கும். உடம்பு பூரா ஒரே சீரா அழுக்கா இருந்தா, யாரோ டீத் தண்ணியில முக்கி எடுத்திருக்காங்கன்னு அர்த்தம். பூ வேலைப்பாடு கையால வரைஞ்சதா, ஸ்டிக்கர் மாதிரி அச்சை ஒட்டிச் சுட்டதான்னு தெரியணுமா? பக்கத்துல எடுத்த போட்டோ கேட்டு நல்லா பெருசாக்குங்க. தூரிகைன்னா கோடு தடிச்சு மெலிஞ்சு ஓடும். அச்சுன்னா பல சமயம் பேப்பர்ல வர்ற கலர் போட்டோ மாதிரி பொடிப்பொடிப் புள்ளியா தெரியும்.

'ஒரிஜினல்'னா என்ன ஒரிஜினல்?

இந்த வார்த்தையிலதான் பாதி ஏமாத்து நடக்குது. பழசா இருக்கிறது ஒரு ஒரிஜினல். குறிப்பிட்ட ஊர்க்காரங்க, குறிப்பிட்ட முறையில செய்யறது இன்னொரு ஒரிஜினல். சொன்ன வேலையை ஒழுங்கா செய்யறது மூணாவது ஒரிஜினல். விற்கிறவர் ஒண்ணைச் சொல்லி இன்னொண்ணைத் தலையில கட்டுவார்.

மூணாவதுக்கு நானே சாட்சி. 2020 தீபாவளிக்கு முன்னாடி ஒரு வீடியோ ஊரெல்லாம் ஓடுச்சே, ஞாபகம் இருக்கா? சத்தீஸ்கர் மாநிலம் கொண்டாகாவ்ங்கிற ஊர்ல அசோக் சக்ரதாரின்னு ஒரு குயவர். எண்ணெய் குறையக் குறைய தானே ஊத்திக்கிற மண் விளக்கு செஞ்சார். 'மாய விளக்கு'! நாடு முழுக்க ஆர்டர் குவிஞ்சது. அடுத்த சில மாசத்துலயே ஆன்லைன்ல எங்கே பார்த்தாலும் மாய விளக்கு. யார் செஞ்சது, எங்கே செஞ்சதுன்னு ஒரு விவரமும் கிடையாது. ஆனா போட்டோ மட்டும் எல்லாத்துலயும் ஒரே போட்டோ!

நானும் ஒரு தளத்துல ஒண்ணு வாங்கினேன். கார்த்திகை தீபத்தன்னைக்கு வாசல்ல ஏத்தி வெச்சு, அக்கம்பக்கத்துப் பசங்களையெல்லாம் கூப்பிட்டு உட்கார வெச்சு பெருமையா லெக்சர் ஆரம்பிச்சேன். அஞ்சு நிமிஷம்தான். மேல இருந்த கால் லிட்டர் நல்லெண்ணெயும் மொத்தமா இறங்கி, அம்மா போட்ட கோலத்து மேல ஆறா ஓடிடுச்சு. அம்மா பார்த்த பார்வை இருக்கே... அதை எழுதினா பத்திரிகை சென்சார் ஆயிடும்.

ஏன் அப்படி ஆச்சு? கோழிக்குத் தண்ணி வெக்கிற டப்பா பார்த்திருப்பீங்களே, குப்புறக் கவுத்தின டப்பா, கீழே தட்டு. கோழி குடிக்கக் குடிக்கத் தட்டுல தண்ணி குறையும். டப்பாவோட ஓட்டை வெளியே தெரியும். அது வழியா காத்து 'பொளக்'குனு உள்ளே போகும். போன காத்துக்கு ஈடா தண்ணி கீழே வரும். தட்டு நிறைஞ்சு ஓட்டை மூடினதும் காத்துக்கு வழி இல்லை, தண்ணியும் நின்னுடும். மாய விளக்கும் அதேதான் பாஸ். மேல இருக்கிற குடுவைக்கு அந்த ஒரு வழியைத் தவிர வேற எங்கேயும் காத்து போகக்கூடாது. மயிரிழை விரிசல் இருந்தாலும், மண் சரியா வேகாம பொரபொரன்னு இருந்தாலும் மேஜிக் காலி.

உடைஞ்ச மனசோட அந்த விளக்கை எங்க ஊர்ச் சந்தையில பானை விற்கிற அக்காகிட்ட கொண்டு போனேன். வாங்கிக் கையில பிடிச்சாங்க. உள்ளே விரலை விட்டுத் தாங்கிக்கிட்டு, வெளியே முட்டியால ரெண்டு தட்டு. 'டப் டப்'.

"என்ன சாமி, இது வேகவே இல்லையே? சூளையில பாதியில எடுத்துட்டாங்க. இந்தா, இதக் கேளு" என்று தன் கடைச் சட்டி ஒண்ணைத் தட்டினாங்க. 'டங்ங்...'னு கோயில் மணி மாதிரி.

நம்ம அம்மா, பாட்டியெல்லாம் பானையைத் தட்டிப் பார்த்து வாங்குறது சும்மா இல்லை. நல்லா வெந்த மண்ணு கணீர்னு பேசும். விரிசல் விழுந்தது மொக்கையா பேசும். ஆன்லைன்ல இதை எப்படிப் பண்றது? வீடியோ கால் போடச் சொல்லி விற்கிறவரையே தட்டச் சொல்லுங்க. இல்லாட்டி பத்து செகண்ட் வீடியோ கேளுங்க. உண்மையிலேயே பொருளைக் கையில வெச்சிருக்கிறவர் அனுப்புவார். நெட்ல சுட்ட போட்டோவை வெச்சு விற்கிறவர் 'அம்மா தூங்குறாங்க'ம்பார். தராசுல வெச்சு எடை தெரியுற மாதிரி ஒரு போட்டோவும் கேளுங்க. மண்ணுக்கும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸுக்கும் பிளாஸ்டிக்குக்கும் எடை வேற வேற.

அதே போட்டோ வேற கடைகள்லயும் இருக்கான்னு கூகுள்ல படத்தைப் போட்டுத் தேடிப் பாருங்க. 'ஒரே ஒரு பீஸ்'னு சொன்ன யானை அன்னைக்கு ராத்திரியே மூணு கடையில வேற வேற விலையில நின்னுட்டிருந்துச்சு!

ரெண்டாவது ஒரிஜினல் பத்தி கொஞ்சம். தஞ்சாவூர் தலையாட்டி பொம்மைக்குப் புவிசார் குறியீடு இருக்கு. மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023-ல கிடைச்சது. ஜெய்ப்பூர் நீலப் பாண்டத்துக்கும் இருக்கு. இதெல்லாம் பழசுங்கிறதுக்கான சான்றிதழ் இல்லை. அந்த ஊர், அந்தக் கை, அந்த முறை என்பதற்கான அடையாளம். தஞ்சாவூர் ராஜா-ராணி பொம்மையை எவ்வளவு சாய்ச்சாலும் எழுந்து நிக்கும். காரணம் அரைவட்ட அடியில இருக்கிற களிமண் கனம். மேலே காகிதக்கூழ் மாதிரி லேசான சரக்கு. இப்போ பிளாஸ்டிக்கிலும் வருது. அதுவும் எழுந்து நிக்கத்தான் செய்யும், ஆனா ரெண்டு பாதியை ஒட்டின கோடு பக்கவாட்டுல மேலேர்ந்து கீழே ஓடும். ஜெய்ப்பூர் நீலப் பாண்டத்துல இன்னொரு வேடிக்கை. அது களிமண்ணே இல்லை! குவார்ட்ஸ் தூள், கண்ணாடித்தூள் கலந்த மாவு. விளிம்புல எங்கேயாவது பொறிஞ்சிருந்தா உள்ளே வெள்ளையா தெரியணும். செங்கல் சிவப்பா தெரிஞ்சா, அது நீல பெயின்ட் அடிச்ச சாதா சட்டி. 'புவிசார் குறியீடு உள்ளது'ன்னு எழுதி விற்கிறவர்கிட்ட 'அங்கீகரிக்கப்பட்ட பயனாளரா நீங்க? யார்கிட்ட இருந்து வாங்குறீங்க?'ன்னு கேட்கலாம். தப்பே இல்லை. தமிழ்நாட்டுப் பொருள்னா பூம்புகார் மாதிரி அரசு நிறுவனத்துல வாங்கறது நிம்மதி. விலை கொஞ்சம் கூட இருந்தாலும் ராத்திரி தூக்கம் வரும்.

முக்கியமா ஒண்ணு. வயசு தெரியாத, செஞ்சவர் தெரியாத பளபளா ஜாடியை ஷோகேஸ்ல மட்டும் வைங்க. பழைய மெருகுல ஈயம் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. புளிப்பும் உப்பும் பட்டா அது கரைஞ்சு வரும். அதுல ஊறுகாய் போடுறது, டீ குடிக்கிறது எல்லாம் வேண்டவே வேண்டாம்.

பணம் விஷயம் உங்களுக்கு நான் சொல்லணுமா? 'பாதி அட்வான்ஸ் ஜிபே பண்ணு, மீதி அப்புறம்'ங்கிற இன்ஸ்டாகிராம் கடையெல்லாம் பாதியோட காணாமப் போறதுதான் வழக்கம். 'ரீஃபண்ட் தர்றேன், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணு'ன்னா உடனே பிளாக் பண்ணுங்க. பணம் வாங்குறதுக்கு ஸ்கேன் தேவையே இல்லை. பார்சல் வந்ததும் பிரிக்கிறதுக்கு முன்னாலேர்ந்தே வீடியோ எடுங்க, ஒரு கட் இல்லாம. உடைஞ்சு வந்தா அதுதான் சாட்சி. 2020-ல வந்த ஆன்லைன் வணிக விதிகள்படி விற்கிறவர் விவரம், பொருள் எந்த நாட்டுச் சரக்கு எல்லாம் தளத்துல இருக்கணும். இல்லாட்டியோ, ஏமாந்தாலோ தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பணத்தையே சுருட்டிட்டா 1930-க்கு உடனே அடிங்க. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

இதோட முடிஞ்சுதுன்னு நினைச்சேன். யானை போச்சு, ஸ்காலர்ஷிப் பணம் தப்பிச்சுது, தம்பியும் தேங்க்ஸ் சொல்லிட்டான். மறுநாள் சாயங்காலம் மறுபடி 'டிங்'.

இந்த முறை ஒரு பானை. சின்னது, உருண்டையா, வாய் கொஞ்சம் உடைஞ்சு. வெளியே சிவப்பு, உள்ளேயும் கழுத்துலயும் கருகரு கறுப்பு. உள்ளே பாதி வரைக்கும் மண்.

'அண்ணா, இது எங்க மாமா காட்டுல கிடைச்சது. ஜேசிபி வெச்சுக் கல்லைப் பொறுக்கிட்டு இருந்தாங்க. வட்டமா கல்லு நட்ட மாதிரி இருந்த இடம். இதைப் போட்டோ போட்டேன். ஒருத்தர் 8,000 தர்றேன்னு சொல்றார், கூரியர்ல அனுப்பணுமாம். இதாவது ஒரிஜினலா?'

நான் எழுந்து உட்கார்ந்துட்டேன். ஏன்னா, இது ஒரிஜினல்!

கறுப்பு-சிவப்புப் பானைன்னு சொல்வாங்க. சூளையில கவுத்து வெச்சு சுடுறப்போ, உள்பக்கத்துக்கும் வாய்க்கும் காத்து போகாது, அதனால கறுப்பு. வெளியே காத்து படும், சிவப்பு. ஒரே நெருப்புல ரெண்டு நிறம்! தமிழ்நாட்டுல இரும்புக்கால ஈமச்சின்னங்கள்ல இது கிடைக்கும். வட்டமா கல்லு நட்டதுன்னு சொன்னானே, அது கல்வட்டமா இருக்கலாம். யாரோ ஒருத்தரைப் புதைச்சு, அவர் புழங்கின பானையையும் கூட வெச்ச இடம். நம்ம மண்ணுல இதெல்லாம் புதுசு இல்லை மக்களே. தகடூர்னு பேர் வாங்கி, அதியமான் ஆண்ட ஊர். மோதூர்ல 2004-05-ல தொல்லியல் துறை தோண்டிப் பார்த்து புதிய கற்காலம் வரைக்கும் தடம் எடுத்தாங்க. முன்னாடி நம்ம மாவட்டத்துலயே இருந்த கிருஷ்ணகிரி பக்கம் மயிலாடும்பாறையில கிடைச்ச இரும்புக்கால மாதிரியோட வயசு கி.மு. 2172-னு 2022-ல சட்டமன்றத்துலயே அறிவிச்சாங்க. புறநானூத்துலயே தாழி செய்யுற குயவரைக் கூப்பிட்டுப் பேசுற பாட்டு இருக்கு.

"தம்பி, உள்ளே இருக்கிற மண்ணைக் கொட்டிட்டியா?"

"இல்லண்ணா. கழுவலாம்னு பார்த்தேன்."

"கழுவாதே!"

அந்த மண்ணுக்குள்ள தானியம் இருக்கலாம், எலும்புத் துண்டு இருக்கலாம், கரித்துண்டு இருக்கலாம். காலக்கணிப்புக்கு அதுதான் வேணும். பானை எந்த ஆழத்துல, எந்தப் பக்கம் சாய்ஞ்சு, பக்கத்துல என்ன இருந்துச்சுங்கிற விவரத்தோட இருந்தாத்தான் அது வரலாறு. கூரியர்ல போயிட்டா யாரோ ஒருத்தர் வீட்டு டிவிக்குப் பக்கத்துல நிக்கிற ஓட்டைப் பானை.

சட்டமும் சொன்னேன். 1878-லேர்ந்து இருக்கிற புதையல் சட்டப்படி, மண்ணுக்குள்ள மறைஞ்சு கிடந்து கிடைச்ச பொருள் பத்து ரூபாய்க்கு மேல மதிப்புன்னா கலெக்டருக்குத் தெரியப்படுத்தணும். அரசு எடுத்துக்கிட்டா ஈடு கொடுக்கவும் அதுல வழி இருக்கு. 1972-ம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி நூறு வயசு தாண்டினதெல்லாம் தொல்பொருள். அதை வியாபாரமா விற்க லைசென்ஸ் வேணும், வெளிநாட்டுக்குத் தனியார் அனுப்பவே கூடாது. யானை விற்ற அந்த ஆள் '1920'னு சொன்னது நிஜமா இருந்திருந்தா, அவர்கிட்ட கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வியே 'லைசென்ஸ் எங்கே?'தான்.

தம்பி ரொம்ப நேரம் கழிச்சு எழுதினான். 'அண்ணா, 8,000 ரூபாண்ணா... மெஸ் பாக்கி மொத்தமும் அடைஞ்சிடும்.'

அதுக்கு என்கிட்ட பதில் இல்லை. அவனுக்கு அது நாலு மாச மெஸ் பாக்கி. வாங்குறவருக்கு ஒரு வாரக் கடைசிச் செலவு. இந்த ஆன்லைன் பானைச் சந்தையில ரெண்டு தலையிலயும் நம்ம பையன்தான் நிக்கிறான். ஒரு பக்கம் போலியை அசல் விலைக்கு வாங்கணும். இன்னொரு பக்கம் அசலைப் போலி விலைக்கு விற்கணும். எனக்குக் கோபம் வந்தது அவன் மேல இல்லை.

"உங்க மாமாகிட்ட ஜேசிபியை நிறுத்தச் சொல்லு. ரெண்டு நாள் போதும்"னு மட்டும் சொன்னேன்.

மாமா முதல்ல குதிச்சாராம். 'கவர்மென்ட்டுக்குச் சொன்னா காட்டையே புடுங்கிக்குவான்'னு பயம். அந்தப் பயத்தைத் தப்புன்னு சொல்ல மாட்டேன். பானை கிடைச்சதுன்னு சொன்னதுக்காக மட்டும் யார் நிலமும் உடனே பறிபோயிடாதுன்னு எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. கடைசியில மூணாம் நாள் வி.ஏ.ஓ. வந்து பார்த்து, தாசில்தார் ஆபீசுக்கு எழுதி, பானையை மண்ணோட ஒரு அட்டைப்பெட்டியில வைக்கோல் போட்டு வாங்கிட்டுப் போயிருக்காங்க. கல்வட்டத்துல பாதி போயிடுச்சு. பாதி இருக்கு. அந்தப் பாதியைச் சுத்தி மாமா இந்த வருஷம் ராகி விதைக்கப் போறதில்லைன்னு சொல்லியிருக்கார். அடுத்த வருஷம் பத்திக் கேட்கலை, கேட்கிற தைரியமும் இல்லை.

தருமபுரி அகழ்வைப்பகத்துல நடுகல் எல்லாம் வரிசையா நிக்கும், பார்த்திருக்கீங்களா? பஸ் ஸ்டாண்டுல ஒரு மணி நேரம் வெட்டியா உட்கார்ந்திருக்கிற நாள்ல ஒரு எட்டுப் போயிட்டு வாங்க. அங்கே பானைகளையும் பாருங்க. கறுப்பு-சிவப்பு எப்படி இருக்கும்னு கண்ணுல பதிஞ்சுட்டா, ஆன்லைன்ல எவனும் உங்களை ஏமாத்த முடியாது. தம்பியை நானே கூட்டிட்டுப் போறதா சொல்லியிருக்கேன். அப்படியே சந்தையில அந்த அக்காகிட்ட ஒரு மாய விளக்கும் சொல்லி வெச்சிருக்கேன். என்னோட ஓட்டை விளக்கைப் பார்த்தே அளவு எடுத்துக்கிட்டாங்க. "முதல் ரெண்டு சூளை பாழாப்போகும் சாமி, மூணாவதுல வரும்"னாங்க. விலை இன்னும் பேசலை.

நேத்து ராத்திரி மறுபடி 'டிங்'. போட்டோவுல குப்புறக் கவுத்த ஒரு டீ கப். ஹாஸ்டல் மெஸ் கப்.

'அண்ணா, இதோட அடியில ஒண்ணுமே எழுதலையே?'